காட்சிக்கு வைத்த சாப்பாடு

நான் பிள்ளைத்தாச்சியாக இருந்த வருடம் ஊரில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. புத்திமதி மட்டும் தாராளமாகக் கிடைத்தது. இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று வழியில் கண்டவர்களெல்லாம் சொன்னார்கள். ஒருவருக்குரியதை முதலில் யாராவது தாருங்கள், மற்றதைப் பிறகு யோசிப்போம் என்று நான் பதில் சொன்னேன். வாய்த்துடுக்கு எனக்குப் பிறவியிலேயே உண்டு. பசி வந்தால் இன்னும் கூடும்.

பனிச்சங்கேணியில் ஆற்றோரம் எங்கள் வீடு. படித்தவர்கள் களப்பு என்று எழுதுவதை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். நான் ஊர் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு ஆற்றில் வலை வீசுகிற தொழில். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே வீடு என்னுடையது, தோணி அவருடையது, சோற்றுப்பானை அம்மாவுடையது. மூவரும் அவரவர் ராச்சியத்தை ஆண்டுகொண்டு சமாதானமாக இருந்தோம், பானையில் சோறு இருந்தவரைக்கும்.

முதலில் உரம் இல்லை என்றார்கள். அந்தப் போகத்தில் வயல் வட்டையில் நெல் நின்ற கோலத்தைப் பார்த்தால், வழுக்கைத் தலையில் யாரோ பகிடிக்கு மயிர் நட்டு வைத்தது போலிருந்தது. அரிசி கடைக்கு வருவது குறைந்தது. பிறகு மண்ணெண்ணெய் இல்லை என்றார்கள். கடலுக்குப் போகிற இயந்திரப் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அதன் பிறகு டீசல் இல்லை என்றார்கள். மீன் ஏற்ற வருகிற ஐஸ் லொறி நின்றுவிட்டது. என் கணவருடையது துடுப்பால் வலிக்கிற தோணி. அது எந்த அமைச்சரையும் நம்பி ஓடவில்லை. அவர் விடியற்காலையில் போய் மீனோடு வந்தார். அதை வாங்கிப் போகத்தான் யாரும் இல்லை.

அதனால் வீட்டில் மீன் இருந்தது. காலையில் மீன், மத்தியானம் மீன், பொழுதுபட்டால் திரும்பவும் மீன். எண்ணெய் இல்லாததால் பொரியல் இல்லை. உப்பும் புளியும் போட்டு அவித்ததைத் தட்டில் வைத்துக்கொண்டு, ஒரு பிடி சோறு இருந்தால் இது எவ்வளவு நல்லாயிருக்கும் என்று பேசிப் பேசித் தின்பார்கள். மீனை மட்டும் விழுங்கிக்கொண்டு வாழ நாங்கள் கொக்கு இல்லையே. அம்மாவும் அவரும்தான் அப்படித் தின்றார்கள். எனக்கு அதுவும் இல்லை. வயிற்றில் பிள்ளை தங்கியதிலிருந்து மீன் வாடை பட்டால் குடல் தொண்டைக்கு வந்துவிடும்.

மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றாள் அம்மா. பிறகு ஐந்தாம் மாதம் என்றாள். ஏழாம் மாதத்தில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். மீன்காரன் பெண்சாதிக்கு மீன் ஆகாது என்பது ஊருக்கு நல்ல பகிடியாகப் போயிற்று. கணவர் தோணியை விட்டு இறங்கி, கிணற்றடியில் இரண்டு தரம் தோய்ந்து, வேட்டி மாற்றி வந்தாலும் அவரைக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருத்திவிட்டுத்தான் பேசுவேன்.

“நான் மனிசனா, கருவாடா புள்ள?” என்று ஒருநாள் கேட்டார்.

இரண்டுக்கும் நடுவில் என்றேன்.

எனக்கு வெறுந்தேத்தண்ணி, முருங்கையிலைக் கஞ்சி, அதிட்டமிருந்தால் ஒரு துண்டு மரவள்ளி. கஞ்சியில் முருங்கையிலை தெரியும், தண்ணீர் தெரியும், அரிசியைத்தான் கரண்டியால் துழாவித் தேட வேண்டும்.

கிளினிக்கில் எங்களைப் பார்க்கிற குடும்ப நல உத்தியோகத்தரை ‘மிஸ்’ என்போம். பெற்றோல் இல்லாததால் தன்னுடைய ஸ்கூட்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, மகளுடைய ரோஸ் நிறச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். முன்னால் பூப்போட்ட கூடை, கூடைக்குள் தடுப்பூசிப் பெட்டி. என்னைத் தராசில் ஏறச் சொன்னார். ஏறினேன். இறங்கச் சொல்லித் தராசைக் காலால் தட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். தராசில் பிழை இல்லை. பிறகு நாடாவால் புயத்தைச் சுற்றி அளந்துவிட்டு, மந்தபோசணை என்றார். அந்தச் சொல்லை முதன்முதல் கேட்டபோது கோயில் திருவிழாவில் ஏதோ விசேட படையல் என்றுதான் நினைத்திருந்தேன். போசணை என்று முடிகிற ஒன்று சாப்பாடு இல்லாமையைக் குறிக்கும் என்று யார் கண்டார்.

“நீ என்னதான்கா திங்கிறாய்?” என்று மிஸ் கேட்டார்.

“ஏச்சு” என்றேன்.

மிஸ் சிரிக்கவில்லை. அவருடைய சட்டையே இரண்டு பக்கமும் ஊசி குத்தி இறுக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பிள்ளைத்தாச்சிகளுக்குக் கொடுக்கிற சத்துமா சில மாதமாக வரவில்லை, வந்ததும் முதல் பை உனக்குத்தான் என்றார். சொன்னபடியே வந்தபோது கொண்டு வந்தும் தந்தார். அம்மா அதைச் சீனி இல்லாமல் தேங்காய்ப்பூவோடு குழைத்து உருண்டை பிடித்து வைத்தாள். மறுநாள் உருண்டைகள் குறைந்திருந்தன. கணவரைக் கேட்டதற்கு, வயிற்றில் இருப்பது தனக்கும் பிள்ளைதானே, அதற்காக அரைவாசிப் பாரத்தைத் தானும் சுமக்க வேண்டாமா என்றார். அம்மாவைக் கேட்டதற்கு, பதம் பார்த்தேன் என்றாள். இரண்டு பேருடைய கன்னத்திலும் மா ஒட்டியிருந்தது. நான் அழுதேன். அன்று பின்னேரம் அவர் எங்கோ அலைந்து இரண்டு கோழிமுட்டையோடு வந்தார். எங்கே எடுத்தது என்று நான் கேட்கவில்லை. முட்டையைக் கேள்வி கேட்கிற காலமில்லை அது.

முன்பள்ளியில் காலைக் கஞ்சி நின்று கனநாள். பிள்ளைகளின் வரவு பாதியாகிவிட்டது. வந்தவர்களும் பாட்டுக்கு நடுவில் சாய்ந்து தூங்கினார்கள். முன்பெல்லாம் மண்ணில் பிட்டு அவித்து, இலையில் கறி வைத்துச் சமையல் விளையாட்டுத்தான் விளையாடுவார்கள். அந்த வருடம் வேறு விளையாட்டு வந்திருந்தது. வெறும் போத்தல்களைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். முன்னால் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்று, “முடிஞ்சு, போங்க” என்பாள். எல்லோரும் கலைந்து போய்த் திரும்பவும் வரிசையில் வந்து நிற்பார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. யாருக்கும் ஒன்றும் கிடைப்பது கிடையாது. அந்த ‘முடிஞ்சு’ சொல்கிற வேலைக்குத்தான் அடிபிடி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நிறுவனம் எங்களைத் தேடி வந்தது. வந்தது அதன் கள உத்தியோகத்தர், மட்டக்களப்பு டவுன் பக்கத்துத் தம்பி. மெல்லிய உருவம், கழுத்தில் அட்டை, பேச்சில் மட்டும் பெரிய பெரிய சொற்கள். பெண்களை முன்பள்ளிக்குக் கூப்பிட்டு இருத்தி, உலகம் முழுவதும் பசி கூடிவிட்டது என்று விளக்கினார். உலகத்துக்கும் இப்படியா என்று கேட்டபோது எங்களுக்கு ஒருவகை ஆறுதலாக இருந்ததை மறைப்பானேன். இதற்கு மருந்து உணவுப் பாதுகாப்பு என்றார். அதற்காக எங்கள் முன்பள்ளியில் ஒரு போசாக்குக் கண்காட்சி நடத்தப் போவதாகவும், கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் பார்க்க வருவதாகவும், ஏற்பாடெல்லாம் டீச்சர் அக்கா பொறுப்பு என்றும் சொல்லி முடித்தார். டீச்சர் அக்கா நான்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். “சாப்பாட்டுக்குப் பாதுகாப்போ? முதல் சாப்பாடு வரட்டும் புள்ள. மறுகா காவலுக்கு நான் நிக்கிறன்” என்றார்.

சாமான்கள் வந்து இறங்கின. கௌபிப் பயறு, பாசிப்பயறு, சிவப்பரிசி, குரக்கன் மா, பூசணிக்காய், முட்டை, எள், தேங்காய், ஒரு போத்தல் நல்லெண்ணெய். அம்மா போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, பிறந்த பிள்ளையின் முகம் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். ஊர்ப் பெண்கள் குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு பதார்த்தம் சமைக்க வேண்டும், அழகாகத் தட்டில் அலங்கரிக்க வேண்டும், பக்கத்தில் அதன் பெயரும் சத்தும் எழுதி வைக்க வேண்டும். சமைத்தது காட்சிக்கு மட்டும் என்று தம்பி இரண்டு தரம் சொன்னார். பெரியவர் வந்து ஒவ்வொன்றிலும் கரண்டி முனையளவு ருசி பார்ப்பார். பிறகு அதே தட்டுகள் வாகனத்தில் ஏறி, காட்டோரக் கிராமம் ஒன்றில் பின்னேரம் நடக்கிற அடுத்த கண்காட்சிக்குப் போகும். பொருள் தட்டுப்பாடான காலம், ஒரு சமையலில் இரண்டு ஊருக்கு விழிப்புணர்வு என்று விளக்கம் சொன்னார். அவர் அதைக் கெட்டித்தனம் என்றுதான் நினைத்திருந்தார். நாங்களும் தலையாட்டினோம்.

சமைத்தவர்கள் பாடு பரவாயில்லை. உப்புப் பார்க்கிறோம் என்று ஒரு கறிக்கு ஏழெட்டுப் பேர் உள்ளங்கையை நீட்டினார்களாம். உப்புக் கூடவா குறையவா என்று அவர்களுக்குள் ஒரு முடிவுக்கு வரவே முடியவில்லையாம். அந்த நேரம் நான் முன்பள்ளியில் கதிரை அடுக்கிக்கொண்டும், பிள்ளைகளின் தலைக்கு மட்டையில் மரக்கறிக் கிரீடம் வெட்டிக்கொண்டும் இருந்தேன். வரவேற்புக்கு மரக்கறிப் பாட்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரக்கறி. லீக்ஸாக வந்த பிள்ளை, நான் என்ன டீச்சர் என்று கேட்டாள். கீரை மாதிரி ஒன்று என்றேன். நானே அதைக் கண்டு மாதக்கணக்காகியிருந்தது.

கண்காட்சி நாள் காலையில் ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியோடு வீட்டை விட்டு வந்தேன். வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகளில் தட்டுகள் வரிசையாக வந்து அமர்ந்தன. சிவப்பரிசிப் பிட்டு, தாளித்த கௌபி, பூசணிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல், வல்லாரைச் சம்பல், பயற்றம் உருண்டை, எள்ளுருண்டை. ஒவ்வொன்றின் முன்னாலும் அட்டை: மாப்பொருள், புரதம், கொழுப்பு, விற்றமின். சுவரில் ‘பசியில்லா உலகம்’ என்று பதாகை. தம்பி தன்னுடைய சாரதியை வேப்பங்கொப்போடு மேசையருகில் நிறுத்தினார். அவர் மொய்க்க வந்த இலையான்களை விரட்டினார், காகத்தை விரட்டினார், கிட்ட வந்த பிள்ளைகளையும் விரட்டினார். உணவுப் பாதுகாப்பு என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் ஊர் கண்ணால் கண்டது.

பெரியவர் காலையிலேயே வருவதாக இருந்தது. வரவில்லை. தம்பி மரத்தடிக்குப் போய்ச் சிக்னல் தேடித் தேடிப் போன் எடுத்தார். பொலன்னறுவைப் பக்கம் எங்கோ நிற்கிறாராம், வந்துகொண்டிருக்கிறாராம். பிள்ளைகள் ஒத்திகையாக மரக்கறிப் பாட்டைப் பாடினார்கள். திரும்பவும் பாடினார்கள். வெயில் கூரைக்கு மேல் வந்தது. கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்த கௌபியின் வாசம் அந்த அறை முழுக்க நின்றது. தாய்மார் மேசையைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த நாகரிகம் தெரியாது. அவர்கள் மேசையைத்தான் பார்த்தார்கள். என் வயிற்றில் இருந்தது இரண்டு காலாலும் உதைத்தது.

மூன்றாம் தரம் பாடும்போது கரட் கிரீடம் போட்டிருந்த பிள்ளை வரிசையிலிருந்து சத்தமில்லாமல் கீழே இருந்துவிட்டாள். விழவில்லை, அழவில்லை. கால் மடிந்து இருந்துவிட்டாள். தூக்கினேன். உடம்பு துணி மாதிரித் தொங்கியது. தண்ணீர் கேட்டேன், யாரோ கொடுத்தார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு, டீச்சர், பாட்டு முடிஞ்சா என்று கேட்டாள்.

அப்போது நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. புரட்சி செய்தேன் என்று பிறகு ஊரில் கதை கட்டினார்கள், அப்படியெல்லாம் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசையடிக்குப் போய், பிட்டில் ஒரு பிடி எடுத்துப் பூசணிக்காயில் தொட்டு அவளுக்கு ஊட்டினேன். அடுத்த பிடி என் வாய்க்குள் போனது. அதற்கடுத்ததும் என் வாய்க்குள்தான் போனது. அந்தப் பிட்டின் ருசியை இன்றைக்கும் சொல்வேன். தேங்காய்ப்பூ கொஞ்சம் கூட.

சாரதிக்கு வேப்பங்கொப்பைப் பிள்ளைத்தாச்சிக்கு மேல் ஓங்குவதா விடுவதா என்று தெரியவில்லை. தம்பி ஓடி வந்தார்.

“அக்கா, அது காட்சிக்கு வச்சதக்கா.”

“ஓம் தம்பி. பாத்துப் பாத்துத்தான் திங்கிறன்” என்றேன்.

பின்னால் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு அவள் எழுந்து வந்து தன் மகளைக் கூப்பிட்டாள். பிறகு யார் யார் வந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை, எனக்கு வேறு வேலை இருந்தது. மட்டைக் கிரீடங்களெல்லாம் மேசையைச் சுற்றி நின்றன. பெரியவர்கள் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். தள்ளுமுள்ளு இல்லை. கோயில் அன்னதானத்தில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை.

மிஸ் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். தம்பி அவரிடம் ஓடினார், நீங்களாவது சொல்லுங்கள் என்று. மிஸ் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் வாய் நிறையக் கௌபி.

“புள்ளத்தாச்சி ஆசைப்பட்டுட்டாள் தம்பி. நான் என்ன செய்யிற?” என்றார். சொல்லிவிட்டு ஒரு எள்ளுருண்டையை எடுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தின்றார். அரச உத்தியோகத்தர் அல்லவா.

தம்பி பதாகைக்குக் கீழே கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்மா ஒரு தட்டில் பிட்டும் முட்டைப் பொரியலும் வைத்து அவருக்கு நீட்டினாள். முதலில் வேண்டாம் என்றார். காலையில் என்ன சாப்பிட்டாய் மகன் என்று அம்மா கேட்டாள். தட்டை வாங்கிக்கொண்டு வாகனத்துக்குப் பின்னால் போய்விட்டார். திரும்பி வந்தபோது தட்டு கழுவியது போலிருந்தது. சாரதியும் வேப்பங்கொப்பைச் சுவரில் சாத்திவிட்டார். காப்பாற்ற அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் பெரியவர் வந்தார். ஆண் என்று நினைத்திருந்தோம், வந்தவர் நரைத்த கொண்டையோடு ஒரு அம்மா. கைத்தறிச் சேலை கசங்கியிருந்தது. டீசலுக்கு முதல்நாளிலிருந்து வரிசையில் நின்று வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பிள்ளைகள் வாயைத் துடைக்காமலே எழுந்து நின்று மரக்கறிப் பாட்டைப் பாடினார்கள். அன்றைக்கு அது நன்றாக அமைந்த ஒரே தடவை அதுதான். அந்த அம்மா மேசையோரமாக நடந்து அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். புரதம். வெறுந்தட்டு. கொழுப்பு. வெறுந்தட்டு. விற்றமின் என்ற அட்டைக்கு முன்னால் ஒரு வல்லாரைக் காம்பு கிடந்தது.

நான்தான் போய்ச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பசி தாங்கவில்லை, எனக்கும் தாங்கவில்லை, நான்தான் தொடக்கினேன், தம்பியில் பிழை இல்லை என்று. அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னருகில் குனிந்து மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

“ஒண்டும் மிஞ்சேல்லையோ, பிள்ளை?”

யாழ்ப்பாணப் பேச்சு. அவர் விசாரணையாகக் கேட்கவில்லை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவரும் சாப்பிடாமல் வந்திருந்தார். வழியில் கடைகள் பூட்டிக் கிடந்தன, கண்காட்சியை நம்பித்தான் வந்திருந்தார்.

எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். அம்மா அவித்த மீனை வைத்தாள். சோறு இல்லை என்று வெட்கப்பட்டாள். அந்த அம்மா நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து முள்ளை அழகாக ஒதுக்கி ஒதுக்கி இரண்டு மணலை மீனைத் தின்று முடித்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்று உபசரித்தேன். இவ்வளவு நல்ல மீன் இருக்கும்போது கண்காட்சியில் ஏன் மீன் இல்லை என்று தம்பியைக் கேட்டார். கொழும்பிலிருந்து வந்த சாமான்களில் மீன் இருக்கவில்லை என்றார் தம்பி. அந்த அம்மா எழுந்து கை கழுவினார். போகும்போது அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வாகனம் வெறும் தட்டுகளோடு காட்டுப் பக்கம் புறப்பட்டது.

அந்தத் தட்டுகளைப் பற்றி நான் பிறகு நினைக்கவேயில்லை. என் வயிறு கனநாளைக்குப் பிறகு நிறைந்திருந்தது, நிறைந்த வயிற்றுக்குத் தூரப் பார்வை கிடையாது.

அடுத்த கிளினிக்கில் என்னருகில் வாங்குப் பலகையில் இருந்தவளும் பிள்ளைத்தாச்சி. காட்டோரக் கிராமத்துப் பெண். காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிற குடும்பம். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். டீச்சரா என்று கேட்டாள், ஓம் என்றேன்.

“அப்ப நீதானே எங்கட பங்கையும் சேத்துத் திண்டவள்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, சும்மா ஒரு செய்தி மாதிரிச் சொன்னாள். தங்கள் ஊரிலும் அன்று பிள்ளைகளை உடுப்பு மாற்றி வெளிக்கிடுத்தி, பாட்டுச் சொல்லிக் கொடுத்து, காலையிலிருந்து வைத்திருந்தார்களாம். வாகனம் வந்ததாம். கதவைத் திறந்தால் கழுவாத தட்டுகளாம். பிள்ளைகள் அதில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்களாம்.

சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே திரும்பவும் பேச்செடுத்தாள், என்ன சமைத்திருந்தீர்கள் என்று. சொன்னேன். கௌபிக்குத் தாளிதமும் போட்டீர்களா என்று கேட்டாள். போட்டது என்றேன். பெருமூச்சு விட்டாள். வீட்டில் என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்டேன். மரவள்ளியும் சோளனும்தான், யானை தின்று மிச்சம் விட்டது, அதைப் பார்க்கவே இப்போது வெறுப்பு, ஒரு துண்டு மீனைக் கண்டு எத்தனை மாதம் என்றாள். நான் மீன் நாறுகிற வீட்டில் மரவள்ளிக்கு ஏங்கிக்கொண்டிருக்கிற கதையைச் சொன்னேன்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே தராசைச் சரி செய்துகொண்டிருந்த மிஸ் நிமிர்ந்தார். “அப்ப ரெண்டு பேரும் ஏன்கா எனக்கு முன்னால வந்து எலும்பக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

அதுதான் தொடக்கம். பஸ் ஓடவில்லை, ஆனால் ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆற்றின் ஒரு கிளை அவர்கள் பக்கம், தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கிற கண்ணாக்காட்டுக்குள் நுழைந்து போகும். கணவர் மீனோடு தோணியை அங்கே விட்டார். அவளுடைய கணவர் மரவள்ளிச் சாக்கோடு கரைக்கு வந்தார். நாங்கள் ஏதோ அன்பில் பரிமாறிக்கொண்டோம் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாளே சண்டை. எத்தனை மீனுக்கு எவ்வளவு கிழங்கு என்பதில் இரண்டு ஆண்களும் தொண்டை கிழியக் கத்தினார்களாம். அவர்களுடைய கிழங்கு கசக்கிறது என்று அம்மா முணுமுணுத்தாள். எங்கள் மீன் வெறும் முள் என்று அங்கிருந்து செய்தி வந்தது. பெரிய மீனை நாங்கள் ஒளித்து வைப்பதாக அவர்களும், அடிக்கிழங்கை அவர்கள் ஒளித்து வைப்பதாக நாங்களும் கடைசிவரை நம்பினோம். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். ஆனாலும் தோணி போய் வந்தது. ஒருவரைப் பார்த்து மற்றத் தோணிக்காரரும் போனார்கள். முன்பள்ளியில் காலையில் அவித்த மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும் கொடுக்கத் தொடங்கினோம். பிள்ளைகள் முழுப் பாட்டையும் விழித்திருந்து பாடினார்கள், கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டார்கள்.

எனக்கு மகள் பிறந்தாள். நிறை கொஞ்சம் குறைவு, பயப்படுகிற குறைவு இல்லை என்றார் மிஸ். மற்றவளுக்கு எனக்குப் பிந்தி ஒரு மகன் பிறந்தான், பார்த்தால் பூசணிக்காய். எங்கள் மீனால்தான் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். பிள்ளை பிறந்த கையோடு என் மூக்கும் சொன்ன சொல் கேட்கத் தொடங்கியது. கணவர் காற்றுக்கு மேற்பக்கம் வந்து இருக்கலாம் என்று அறிவித்தேன்.

தம்பியைப் பற்றி விசாரித்தோம். வேலை போகவில்லை. வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்களாம். ஒரு முறை போன் எடுத்து, கண்காட்சியில் மக்கள் பங்களிப்பு எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று மேலிடத்துக்குச் சொன்னதாகச் சொன்னார். அதில் பொய் இல்லை.

காலம் திரும்பியது. டீசல் வந்தது, ஐஸ் லொறி வந்தது. மீனுக்கு விலை வந்ததும் தோணிகள் கண்ணாக்காட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுடைய சோளனையும் லொறி ஏற்றிப் போனது. எங்கள் மீன் கொழும்புக்குப் போகிறது. நாங்கள் கடையில் ரின் மீன் வாங்குகிறோம். வேறெங்கோ கடலில் பிடித்து, தக்காளியில் ஊறவைத்து, தகரத்தில் அடைத்து, கப்பலில் வருகிற மீன். அவசரத்துக்கு நல்லது என்கிறாள் அம்மா. என்ன அவசரம் என்று கேட்டால் முறைக்கிறாள்.

போன மாதம் அதே நிறுவனம் புதிய உத்தியோகத்தரோடு வந்தது. இப்போது உணவுப் பாதுகாப்போடு தாங்குதிறன் என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. மீனும் மரவள்ளியும் மாற்றிய கதையைக் கேள்விப்பட்டு, அதைக் கூட்டத்தில் பேச வர முடியுமா என்று கேட்டார்கள். பேசலாம் என்றேன். எவ்வளவு காலம் நடந்தது என்று கேட்டார் புதியவர். டீசல் வருமட்டும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் நடக்கிறது என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஊக்கமாக இருக்குமே என்றார். அப்படிச் சொன்னால் கிழங்கை யார் கொண்டு வருவது என்று கேட்டேன். பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு இந்த வருடமும் பாதி நாள்தான் ஏதாவது வருகிறது, அதையும் கூட்டத்தில் சொல்லவா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகப் போனார்.

அன்று பின்னேரம் காட்டோரத்துக்காரிக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன். வயிறு நோகச் சிரித்தாள். பிறகு, இந்த முறை சோளன் நல்லாய் வந்திருக்கிறது, ஒடிக்க ஆளில்லை, பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் வா என்றாள். சும்மா வராதே என்றும் சொன்னாள். கணவர் ஞாயிற்றுக்கிழமை விடிய லொறிக்குக் கொடுக்காமல் ஒரு கூடை மீனை எடுத்து வைத்தார். மகளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போனோம். கூடையைக் கையில் வாங்கியதும் அவள் செய்த முதல் வேலை, மேலே கிடந்த மீன்களை விலக்கி, அடியில் என்ன அளவு மீன் வைத்திருக்கிறோம் என்று பார்த்ததுதான்.